தம்பி, ஒரு நபர்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

போனில் பேசினால் நீ "ஒரு நிமிஷம்க்கா, இன்னொரு கால் வருது" என்று போய்விடுகிறாய். அந்த ஒரு நிமிஷம் முடிந்து நீ திரும்பி வந்ததே இல்லை. அதனால் எழுதுகிறேன். இதை நடுவில் வெட்ட உன்னால் முடியாது.

போன வாரம் மாடி அறையில் தங்கிவிட்டுப் போன கணவன் மனைவி, நம் வீட்டை வாடகைக்கு விடுகிற செயலியில் எழுதியதை நீயும் படித்திருப்பாய். "அறை சுத்தம். வெந்நீர் வருகிறது. அக்கா அன்பானவர். ஆனால் எந்நேரமும் வீட்டிலேயே இருக்கிறார்." மூன்று நட்சத்திரம். சமையலறைச் சுவரில் நீ ஆணியடித்து மாட்டிவிட்டுப் போன டேப்லெட்டில்தான் நானும் படித்தேன். என் வீட்டில் நான் இருக்கிறேன் என்று ஊருக்கே புகார் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். படித்ததும் எங்கே போய் நிற்பதென்று தெரியாமல் கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

அன்று சாயங்காலமே நீ கூப்பிட்டாய். ஆறுதல் சொல்லத்தான் கூப்பிடுகிறாய் என்று நினைத்தேன். "அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்குக்கா. இப்ப யாரும் தனி ரூம் எடுக்கறதில்ல, முழு வீடாத்தான் கேக்கறாங்க" என்றாய். என் அறையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, விருந்தாளிகள் இருக்கும்போது நான் பின்பக்கத்துச் சாமான் அறைக்குப் போய்விட வேண்டுமாம். அதற்குத் தனிக் கதவு இருக்கிறதாம். அந்தக் கதவை அப்பா எதற்கு வைத்தார் என்று உனக்கு நினைவிருக்கிறதா? விறகு இறக்க.

முதலில் அப்பா அம்மா அறை சும்மாதானே கிடக்கிறது என்றாய். சரி என்றேன். பிறகு மாடியில் உன் அறையும் சும்மாதானே கிடக்கிறது என்றாய். உன் அறை, நீயே கொடுக்கிறாய், எனக்கென்ன என்று அதற்கும் சரி என்றேன். என் அறை சும்மா கிடக்கவில்லை. அங்கே நான் கிடக்கிறேன், என் தையல் மிஷின் கிடக்கிறது. அந்தத் தெரு ஜன்னல் வழியாகத்தான் அளவு ரவிக்கையைக் கொடுக்கிறார்கள், தைத்ததை வாங்கிக்கொள்கிறார்கள். சாமான் அறையில் பகலிலேயே ஊசியில் நூல் கோக்க முடியாது. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்று சொல்வார்கள். பிடுங்குகிறவன் கூடப்பிறந்தவனாக இருப்பான் என்று யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு "அக்கா வீடு" என்று பெயர் போட்டதும் நீதான். அக்கா வீட்டில் அக்கா இருக்கக் கூடாதென்றால் பெயரையாவது மாற்றிவிடு.

இன்னொன்று. விருந்தாளிகளுக்கு என் பெயரில் நீ அனுப்புகிற பதில்களையும் படித்தேன். "உங்கள் வரவுக்காகக் காத்திருக்கிறேன், அன்புடன் அக்கா." நான் இவ்வளவு இனிக்க இனிக்கப் பேசுவேன் என்பது எனக்கே தெரியாது. என்னை அக்கா என்று கூப்பிட ஒருத்தன் இருந்தான். இப்போது சாவி வாங்குகிறவர்கள் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். அவன் கூப்பிடுவதுதான் குறைந்துவிட்டது.

என் அறையைத் தர மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தது. மூன்று நட்சத்திரத்துக்கு நீ இவ்வளவு மனசு கஷ்டப்பட வேண்டியதில்லை. அதைவிட மோசமாக எழுதியதை எல்லாம் நான் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் கிளி பேசுகிறது என்று ஒரு நட்சத்திரம் போட்டார்கள்.

நீ கோபத்தில் எழுதியிருக்கிறாய், நான் நிதானமாகச் சொல்கிறேன். இன்றைக்கு எதையும் சும்மா வைத்திருக்கிறவன்தான் நஷ்டப்படுகிறான். இங்கே ஒருவர் வீட்டு வாசலில் வண்டி நிறுத்துகிற இடத்தை மணிக்கணக்கில் விடுகிறார். பகலில் அவர் ஆபீஸ் போய்விடுகிறார், இடம் சும்மா கிடக்கிறது. ஒரு அம்மா தன் துளை போடுகிற மிஷினையும் ஏணியையும் தெருவுக்கே வாடகைக்கு விடுகிறார். ஒரு ஆணியடிக்க ஆளுக்கொரு மிஷின் எதற்கு? மொட்டை மாடியை விடுகிறார்கள், சமையலறையை விடுகிறார்கள், வெளியூர் போகிறவன் தான் கொண்டுபோகிற பெட்டியில் மிச்சமிருக்கிற இடத்தைக்கூட விடுகிறான். பகிர்ந்துகொண்டால் எல்லோருக்கும் ஆகும் என்பதுதான் இதன் தத்துவம். நம் வீட்டை முழு வீடாக்கி நன்றாக நடத்திக் காட்டினால் அதை வைத்து இன்னும் நாலு வீட்டுக்காரர்களிடம் பேசலாம். அவர்கள் வீடுகளையும் நாமே பார்த்துக்கொள்ளலாம். எனக்கென்று ஒரு தொழில் ஆகும். எத்தனை காலம்தான் இன்னொருவன் செயலிக் கம்பெனிக்கு வீடு பிடித்துக் கொடுத்துக்கொண்டிருப்பது?

சாமான் அறைக்குப் பெரிய விளக்கு போட்டுக்கொள்ளலாம். நான் அனுப்புகிறேன்.

அக்கா என்று கூப்பிடுவது குறைந்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். வேலை அப்படி. காலையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே முடிவதில்லை. முதுகு வலிக்கிறது. இதைக்கூட நடுநடுவேதான் எழுதுகிறேன்.

யோசித்துச் சொல். விடுமுறைக்காலம் தொடங்குவதற்குள் படம் எடுத்துப் போட வேண்டும்.

தம்பி


மார்ச் 18

தம்பிக்கு,

உன் எழுத்து ஏன் இப்படிக் கோணல் மாணலாக இருக்கிறது? பஸ்ஸில் உட்கார்ந்து எழுதினாயா? மூன்றாவது வரியில் தொடங்கிய கோடு நாலாவது வரி வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. மேஜையில் வைத்து எழுத உனக்கு நேரமில்லை, என் மேஜைக்கு இடம் பார்க்க மட்டும் நேரமிருக்கிறது.

நீ சொன்னாய் என்பதற்காக மிஷினைச் சாமான் அறைக்கு இழுத்துப் பார்த்தேன். நீ கேட்டு நான் செய்து பார்க்காமலேயே மறுத்தேன் என்று நாளைக்குச் சொல்லக் கூடாது. வாசற்படியிலேயே மிஷின் கால் மாட்டிக்கொண்டது. சலவைக்காரர் படுக்கைவிரிப்பு எடுக்க வந்தவர் ஒரு கை கொடுத்துத் திரும்ப உள்ளே கொண்டுவந்து வைத்தார். "யாரும்மா இதை அங்க போடச் சொன்னது?" என்று கேட்டார். கூடப்பிறந்தவன் என்று சொல்ல வாய் வரவில்லை. எலி இருக்கிறது, இடம் மாற்றிப் பார்த்தேன் என்றேன்.

பகிர்வது என்று பெரிய பெரிய வார்த்தையாக எழுதியிருக்கிறாய். ஏணியைக் கடன் கொடுத்தால் சாயங்காலம் ஏணி திரும்பி வரும். என்னை எங்கே கொண்டுபோய் வைப்பாய், எப்போது திரும்பக் கொண்டுவந்து விடுவாய் என்று எழுது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம். இங்கே ஒண்ட வருகிற பிடாரிக்கு நீயே வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறாய்.

எனக்கு அலுத்துவிட்டது தம்பி. ஒரு கூட்டம் போனதும் விரிப்பை உருவி, தலையணை உறையைக் கழற்றி, குளியலறைத் தரையைத் தேய்த்து நிமிர்வதற்குள் அடுத்த கூட்டம் வாசலில் பெட்டியோடு நிற்கிறது. எல்லோரையும் பார்த்துச் சிரிக்க வேண்டும். சிரித்துச் சிரித்துத் தாடை வலிக்கிறது. நாலு நாள் யாரும் வராமல் இந்த வீடு வீடாக இருந்தால் போதும் என்று இருக்கிறது. அந்த நாலு நாள்கூட உன் தொழில் தத்துவத்தில் சும்மா கிடப்பதாகத்தான் கணக்கு.

அறை கிடையாது. பெரிய விளக்கும் வேண்டாம்.

அக்கா


மார்ச் 24

அக்கா,

உன் இஷ்டம். எனக்கு இனி பேச ஒன்றுமில்லை. உனக்கு என் கஷ்டம் தெரியாது, நான் சொல்லவும் மாட்டேன். இனிமேல் அறையைப் பற்றிக் கேட்க மாட்டேன், கடிதமும் எழுத மாட்டேன்.

தம்பி


ஏப்ரல் 9

தம்பிக்கு,

கடிதம் எழுத மாட்டேன் என்றாய், எழுதவில்லை. அந்த வைராக்கியத்துக்கு நீ அப்பா பிள்ளைதான். நான்தான் மானங்கெட்டு எழுதுகிறேன்.

உன்னுடைய அந்தக் கடிதம் வந்த மறுநாள் டேப்லெட் மணியடித்தது. அடுப்பில் கை இருந்தது, துடைத்துக்கொண்டு பார்த்தேன். "புதிய பதிவு. தம்பி, ஒரு நபர். வியாழன் முதல் ஞாயிறு வரை." மாடி அறை, கீழே அப்பா அம்மா அறை இரண்டையும் பிடித்திருந்தாய். முதலில் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது. சண்டை போட்டுவிட்டு நேராக வர வெட்கப்பட்டுக்கொண்டு விருந்தாளியாகப் பதிவு செய்துகொண்டு வருகிறான், கிறுக்கன் என்று நினைத்தேன். வேறு யாரும் வீட்டில் இருக்கக் கூடாது, அக்காவும் தானும் மட்டும் இருக்க வேண்டும் என்றுதான் இரண்டு அறையையும் பிடித்திருக்கிறான் என்று நினைத்தேன். எனக்கு மனசு அப்படியே இளகிவிட்டது.

நீ சொல்லாமல் வருகிறாய், நானும் கேட்டுக் கெடுக்க வேண்டாம் என்று போன் செய்யவில்லை. தைக்கக் கொடுத்தவர்களிடமெல்லாம் அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். மாடி அறைத் திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்தேன். விருந்தாளிகளுக்கென்று நீ வாங்கிப் போட்ட வெள்ளை விரிப்புகளை எடுத்துவிட்டு, உன் பழைய கோடு போட்ட விரிப்பை அம்மா பெட்டியிலிருந்து எடுத்து விரித்தேன். சுவரில் நீ மாட்டச் சொன்ன கடல் படத்தைக் கழற்றி, பள்ளிக்கூடத்தில் நீ கோப்பையோடு நிற்கிற படத்தைத் திரும்ப மாட்டினேன். உனக்குப் பிடித்ததெல்லாம் சமைத்தேன்.

வியாழக்கிழமை முழுக்க ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். வண்டி கிடைத்திருக்காது, நாளைக்கு வருவான் என்று வெள்ளிக்கிழமையும் உட்கார்ந்தேன். சனிக்கிழமை உனக்குப் போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. சரி, வண்டியில் வந்துகொண்டிருக்கிறான் என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை சமைத்ததைச் சலவைக்காரர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். "தம்பி வரலியாம்மா?" என்று கேட்டார். அவரிடம் நான் சொல்லவே இல்லை. கொடி முழுக்கத் திரைச்சீலை காய்ந்ததைப் பார்த்து அவரே தெரிந்துகொண்டிருக்கிறார்.

திங்கட்கிழமை உன் டேப்லெட் கேட்டது. "தம்பி உங்கள் வீட்டை எப்படி வைத்துக்கொண்டார்? நட்சத்திரம் தந்து மதிப்பிடுங்கள்." அதற்குப் பதில் போடாமல் வேறு பக்கம் போக விடமாட்டேன் என்கிறது. ஐந்து நட்சத்திரம் போட்டேன். அறை அவ்வளவு சுத்தமாக இருந்தது.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. இந்த வீட்டைக் கட்டிக்கொண்டு நான் ஏன் அழுகிறேன் என்றுதான் தோன்றுகிறது. நீ என்றாவது வருவாய், வரும்போது வீடு வீடாக இருக்க வேண்டும், ஜன்னலில் ஆள் இருக்க வேண்டும் என்பதற்குத்தான் இத்தனை பிடிவாதம் பிடித்தேன். அதை உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை, தையல் மிஷினைச் சாக்குச் சொன்னேன். நீயே வராத வீட்டில் எனக்கென்ன ஜன்னல்? முழு வீட்டையும் கொடுத்துவிடு. சாமான் அறையைக் கூட்டிவிட்டேன். படம் எடுக்க ஆளை அனுப்பு.

அக்கா


ஏப்ரல் 16

அன்புள்ள அக்கா,

படம் எடுக்க ஆளை அனுப்பவில்லை, அனுப்பவும் மாட்டேன். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

அந்தப் பதிவு நான் வருவதற்குப் போட்டதில்லை. நாலு நாள் யாரும் வராமல் இருந்தால் போதும் என்று எழுதியிருந்தாயே, அதற்காகப் போட்டது. ஆள் வேண்டாம் என்று தேதிகளை மூடி வைத்தால் செயலி நம் வீட்டைப் பட்டியலில் கீழே தள்ளிவிடும், அப்புறம் மேலே ஏற்ற மாதக்கணக்கில் ஆகும். அதனால் வீட்டுக்காரர்கள் மூட மாட்டார்கள், தங்கள் பெயரிலேயே பதிவு போட்டுக்கொள்வார்கள். எத்தனையோ பேருக்கு நானே சொல்லிக்கொடுத்த வித்தை இது. தேதியை அழுத்தி, பெயர் என்கிற இடத்தில் எதையாவது எழுத வேண்டும், அவ்வளவுதான். கை போன போக்கில் "தம்பி" என்று எழுதினேன். நாலு நாள் அக்கா காலை நீட்டிப் படுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டே வேலை பார்த்தேன். கோபத்தில் இருந்தேனே, அதனால் சொல்லவில்லை. சொல்லாமல் செய்தால்தான் பெருமை என்று ஒரு வீம்பு. நீ திரைச்சீலை துவைத்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

அந்த இடத்தைப் படித்துவிட்டு அடுத்த ஆளை ஏற்றப் போகவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன்.

வண்டி என்றதும் உனக்குப் புரிந்திருக்கும். கோணல் எழுத்தைப் பார்த்தே நீ பாதி கண்டுபிடித்துவிட்டாய். ஸ்டியரிங்கில் காகிதத்தை வைத்து, ஆள் ஏறுகிற வரைக்கும் எழுதுகிறேன். வீடு பிடித்துக் கொடுக்கிற வேலை போய் ரொம்ப நாளாகிறது. நாங்கள் வீடு வீடாகப் போய்ப் பேசியதை இப்போது செயலியே பேசிவிடுகிறது. எங்களை அனுப்பிவிட்டார்கள். பகலில் வாடகைக்கு வண்டி ஓட்டுகிறேன். வண்டி என்னுடையதில்லை, ராத்திரியில் வேறு ஒருவர் ஓட்டுகிறார். நான் ஒரு நாள் வரவில்லை என்றால் என் பகலை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். சனிக்கிழமை நீ கூப்பிட்டபோது பின் சீட்டில் ஆள் இருந்தார். ஓட்டும்போது போன் எடுத்தால் அதற்கும் நட்சத்திரம் குறைப்பார்கள்.

படுக்கையும் அப்படித்தான். ஒரு அறையில் ஒரு கட்டில், இரண்டு பேர். நான் இரவில் படுக்கிறேன், ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்க்கிற ஒருவர் பகலில் படுக்கிறார். அவரை நான் ராத்திரிக்காரர் என்பேன், அவர் என்னைப் பகல்காரர் என்பார். வாசற்படியில் சாவியைக் கை மாற்றும்போது பார்த்துக்கொள்வதோடு சரி. நல்ல மனுஷன். கிளம்பும்போது தலையணையைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போவார், எனக்குச் சூடு தெரியக் கூடாது என்று. நானும் அவருக்கு அப்படித்தான் செய்கிறேன். பகிர்ந்துகொண்டால் எல்லோருக்கும் ஆகும் என்று உனக்குப் பக்கம் பக்கமாக எழுதினேனே, அதைப் படித்துவிட்டு நானே சிரித்துக்கொண்டேன்.

முழு வீடு முழு வீடு என்று உன்னைப் பிடுங்கி எடுத்தது இதற்குத்தான். அது நடந்தால் அதையே தொழிலாக வைத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிடலாம், என்ன வேலை பார்க்கிறேன் என்று யாரும் கேட்டால் சொல்லிக்கொள்ள ஒன்று இருக்கும் என்று நினைத்தேன். வெறுங்கையோடு வந்து உன் முன்னால் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. உன் அறையைப் பிடுங்கிக்கொண்டு உன்னிடமே வர நினைத்தேன் என்பது எழுதும்போதுதான் உறைக்கிறது.

சாமான் அறையில் எதையும் கொண்டுபோய் வைக்காதே. மிஷின் ஜன்னலிலேயே இருக்கட்டும். எப்போது வருவேன் என்று என்னைக் கேட்காதே அக்கா, எனக்குத் தெரியாது. ரொம்பக் களைப்பாக இருக்கிறது.

தம்பி


ஏப்ரல் 22

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை ஜன்னலில் உட்கார்ந்து படித்தேன். அளவு ரவிக்கை கொண்டுவந்த பெண்மணி நான் அழுது முடிக்கிற வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பாவம், துணியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வேலை போனதைச் சொன்னால் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைத்தாய்? திட்டியிருப்பேன். அப்புறம் சோறு போட்டிருப்பேன். இரண்டையும் ஊரான் பிள்ளைகளுக்குச் செய்துகொண்டிருக்கிறேன், திட்டுவதை மட்டும் மனசுக்குள் வைத்துக்கொள்கிறேன். முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் இங்கே ஆளுக்கொரு துவைத்த உறை. நீ இன்னொருவர் தலை வைத்து எழுந்த தலையணையில் படுத்துக்கொண்டு எனக்குத் தத்துவம் எழுதியிருக்கிறாய். இதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. ராத்திரிக்காரரை நான் விசாரித்ததாகச் சொல். அவருக்கு இரண்டு உறை தைத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். உனக்குத் தைக்கவில்லை.

நீ எழுதிய வித்தையை நேற்று நானே செய்து பார்த்தேன். தேதியை அழுத்தினேன். எந்த அறை என்று கேட்டது, மாடி அறை என்றேன். கீழறைக்கு விருந்தாளிகள் வரட்டும், அதுவும் எத்தனை நாளைக்கு ஒரு முறை என்று நான் சொல்வேன், டேப்லெட் சொல்லாது. மாடி அறை கிடைக்காத வீட்டை யாரும் முழு வீடாகக் கேட்க முடியாது, அந்தப் பேச்சும் இதோடு முடிந்தது. பெயர் என்ன என்று கேட்டது. "தம்பி" என்று போட்டேன். எத்தனை பேர் என்றது. ஒரு நபர். எதுவரை என்று கேட்டது. போடாமல் விட்டுப் பார்த்தேன், விடமாட்டேன் என்கிறது. அதனால் தள்ளிக்கொண்டே போய் அது காட்டிய கடைசித் தேதியை அழுத்தினேன். அந்தத் தேதி வந்ததும் மறுபடி அழுத்துவேன்.

வேலையோடு வா, வேலை இல்லாமல் வா. கோடு போட்ட விரிப்பை இன்னும் எடுக்கவில்லை.

போன தடவை போல ஐந்து நட்சத்திரம் கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதே. ஈரத் துண்டைக் கட்டிலில் போடுகிற ஆள் நீ. ஒன்றுதான் போடுவேன், வந்து வாங்கிக்கொள்.

அக்கா